இயற்கையின் வலியும் புலவர் காட்டும் நெறியும்

இயற்கையைத் தமிழ்ப் புலவர் பாடிய திறம் யாதென மாணவரை வினவின், நிலவும் தென்றலும் தாமரைத் தடாகமும் நிரம்பிய விடைகளே நம் கைக்கு வருகின்றன. பிழை மாணவருடையதன்று, அங்ஙனம் கற்பித்த நம்முடையதே. இயற்கை அழகுடையதென்று வற்புறுத்திய நாம், அது வலியுடையது என்பதையும், அதன்முன் மனிதன் எளியன் என்பதையும் புலவர் பாடியமையை எடுத்துரைக்கத் தவறினோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை சுமாத்திராவுக்கு அண்மையில் கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கீழ்க்கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டில், கரையோரத்துப் பிள்ளைகள் அமர்ந்திருந்த வகுப்பிலே, ‘கடலின் அழகை வருணிக்க’ என்று கரும்பலகையில் எழுத நம் கை கூசிற்று.

அந்நாளில், ‘இது மக்கள் செய்த பாவத்தின் பயன்’ என்று உரைத்தோரும் உளர். இக்கருத்துப் புதியதன்று. மகனை இழந்த துயரால் சோழன் இந்திர விழாவை மறந்தான் என்றும், அதனாற் புகார் நகரைக் கடல் கொண்டது என்றும் மணிமேகலை கூறும். காப்பியத்துக்கு அது பொருந்தலாம். ஆயினும், மறந்தவன் மன்னன், மூழ்கியதோ நகர். தொட்டிலிற் கிடந்த குழந்தை செய்த பிழை யாது? மாண்டோர்மீது பழி சுமத்துதல் சமயமுமன்று, தமிழுமன்று என்பதே நம் துணிபு.

கணியன் பூங்குன்றனார் காட்டும் வழி வேறு. அவர் பாடிய புறநானூற்று 192ஆஞ் செய்யுளின் முதலடியை மேடைதோறும் கேட்கின்றோம். முடிவையோ பலர் மறந்தனர். மலையாற்று வெள்ளத்தில் அகப்பட்ட தெப்பத்துக்கு உயிரை ஒப்பிட்ட அப்புலவர், அதனின்று தண்டனையைப் பெறவில்லை; சமன்மையையே பெற்றார். யாவரும் ஒரே வெள்ளத்தில் மிதப்போர் என்று தெளிந்தமையால், பெரியோரை வியத்தலுமில்லை. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்றார்.

எல்லாம் ஊழாயின் முயற்சி எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். அலை எழுவதைத் தடுத்தல் மனிதனுக்கு இயலாது. அது வருகின்றதென்று அயலானுக்கு அறிவித்தல் இயலும். அன்று கடல் இரண்டு மணி நேரம் தந்தது. ஆனால், இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு அப்பொழுது இருக்கவில்லை; பின்னரே அமைக்கப்பட்டது. முன்னையது இயற்கையின் வலி. பின்னையது நம் குறை. இவ்விரண்டையும் பகுத்தறிதலே கல்வியாம்.

விழாக் கொண்டாடும் இவ்வேளையில், இக்கல்லூரியிற் பயின்று உயர்நிலை எய்திய பழைய மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: தெப்பத்தின் மேலிடத்தில் அமர்ந்தோர்க்கும் வெள்ளம் ஒன்றே. அதனை அறிந்தவன் அருகிலிருப்பவனுக்குக் கை நீட்டுவான். அதுவே அச்செய்யுளைக் கற்றதன் பயன்.