அண்ணனுக்குக் காப்புரிமை

நமக்குச் சேப்பங்கிழங்கு என்றால் வறுவல். கொஞ்சம் மெனக்கெட்டால் புளிக்குழம்பு. பந்தியில் அதற்கென்று தனி மரியாதை கிடையாது. அதே கிழங்கு ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடிகளுக்கு உடன்பிறந்த அண்ணன். வானத் தந்தை வாகேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதைப் புதைத்த இடத்தில் முளைத்தது 'கலோ' எனும் சேம்பு. அடுத்த பிள்ளைக்கு மூத்தவன் நினைவாக ஹாலோவா என்றே பெயர் வைத்தார்கள். ஹவாய் மக்கள் அவன் வம்சம். அண்ணன் சோறு போட வேண்டும், தம்பி அவனைப் பேண வேண்டும், ஏற்பாடு அவ்வளவுதான்.

வெந்த கிழங்கை மரப்பலகையில் வைத்து, கல் குழவியால் தண்ணீர் தொட்டுத் தொட்டு இடித்தால் ஊதா நிறத்தில் பசைபோலத் திரளும். அதுதான் 'போய்'. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். புளித்ததைத்தான் தேடிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. போய்க் கிண்ணம் திறந்திருக்கும்வரை அங்கே சண்டை, வசவு, பேரம் எதுவும் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அண்ணன் எதிரே இருக்கிறானே! (நம் வீட்டுச் சாப்பாட்டு நேரங்கள் நினைவுக்கு வந்தன. மேற்கொண்டு எழுதுவதாக இல்லை.)

கிழங்கை அறுத்தெடுத்ததும் தலைப்பகுதியைச் சாண் அளவு தண்டோடு திரும்பவும் சேற்றில் ஊன்றுகிறார்கள். அதற்கு 'ஹூலி' என்று பெயர். விதைக்கு வேலையில்லை. ஆகவே இன்று வயலில் நிற்பது பாட்டன் பூட்டன் நட்ட அதே செடிதான். இதைத் தெரிந்துகொண்டபின் அண்ணன் கதையை வெறும் கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

2002இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் மூன்று புதிய சேம்பு ரகங்களுக்குக் காப்புரிமை வாங்கியது. நட்டால் உரிமத்தொகை கட்ட வேண்டும். விஞ்ஞானிகளைக் குறை சொல்வதற்கில்லை. 1993இல் சமோவாவில் இலைக்கருகல் நோய் சேம்பு விவசாயத்தையே சாய்த்துவிட்டது; நோய் தாங்கும் ரகம் தேவைதான். ஆனால் அந்தப் புதிய ஒட்டு ரகங்களுக்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் 'மாவி லெஹுவா' என்ற ஹவாய் ரகம். அண்ணனைப் பதிவு செய்து வாடகைக்கு விடுவதா என்று பூர்வகுடிகள் கொதித்தார்கள். மொலோகாய்த் தீவின் வால்டர் ரிட்டே போன்றவர்கள் 2006இல் போராட்டத்தில் இறங்க, பல்கலைக்கழகம் இறங்கிவந்தது: காப்புரிமையைப் பூர்வகுடிகளுக்கே மாற்றித் தருகிறோம். நம்மில் எத்தனை பேர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருப்போம்! அவர்கள் மறுத்துவிட்டார்கள். அண்ணனை அடுத்தவன் சொத்தாக்கக் கூடாது என்றால் தம்பியும் ஆக்கக் கூடாது. அந்த ஜூன் மாதமே காப்புரிமைகளைப் பல்கலைக்கழகம் கைவிட்டது.

காப்புரிமைச் சண்டை முடிந்தது; சேம்பு வயல்களின் தண்ணீர்ப் பிரச்சினை அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. வயல் சேம்புக்குக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கிச் சூடேறினால் கிழங்கு அழுகும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஓடைகளைக் கரும்புத் தோட்டங்கள் தம் பக்கம் திருப்பிக்கொண்டன. மாவித் தீவில் கடைசிக் கரும்புத் தோட்டமும் 2016இல் மூடியாயிற்று. அந்த ஓடைகளில் யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்ற வழக்கு மட்டும் மூடியபாடில்லை.