65 யூரோ பீட்சாவும் 5 யூரோ பீட்சாவும்!

2022-ம் ஆண்டு கோடைக்காலத்தில் இத்தாலியில் ஒரு பெரிய சண்டை நடந்தது. அரசியல் சண்டை இல்லை, கால்பந்துச் சண்டையும் இல்லை. பீட்சா சண்டை!

ஆரம்பித்து வைத்தவர் ஃப்ளேவியோ பிரியாடோரே. ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். பெனட்டன், ரெனோ அணிகளை நடத்தியவர். பிறகு வசதியானவர்களுக்கான உணவகங்களைத் திறந்தார். அவருடைய பீட்சா கடையில், விலை உயர்ந்த ஸ்பெயின் நாட்டுப் பன்றி இறைச்சி வைத்த ஒரு பீட்சாவின் விலை 65 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,500 ரூபாய்!

'இது அநியாயமில்லையா?' என்று ஊர் கேட்டது. அவர் அசரவில்லை. 'நாலு, ஐந்து யூரோவுக்குப் பீட்சா விற்கிறார்களே, அவர்கள் அதில் என்னத்தைப் போடுகிறார்கள்? வரி, வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் கட்டிவிட்டு அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?' என்கிற தொனியில் திருப்பிக் கேட்டார்.

பீட்சாவின் தாய்வீடான நேப்பிள்ஸ் நகரம் கொதித்துப்போனது. அங்கே பிரபலமான பீட்சா கடைக்காரர் ஜினோ சோர்பில்லோ, தெருவில் நின்று மக்களுக்கு இலவசமாகப் பீட்சா கொடுத்துத் தன் எதிர்ப்பைக் காட்டினார்.

கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். பிரியாடோரே கேட்ட கேள்வி நமக்கும் புதிதல்ல. விலை குறைவு என்றாலே, 'எதையாவது கலந்திருப்பானோ' என்று சந்தேகப்படுகிறவர்கள்தானே நாம்? அந்தக் கேள்விக்கு 150 வருடங்களுக்கும் மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது நேப்பிள்ஸில் ஒரு குடும்பம். இந்த வாரம் அந்தக் கடைக்குப் போய்வரலாம், வாருங்கள்.

டோக்கன் வாங்கி நில்லுங்கள்!

கடையின் பெயர் 'லான்டிகா பிட்ஸேரியா டா மிக்கேலே'. 'மிக்கேலேயின் பழைய பீட்சா கடை' என்று அர்த்தம். கொண்டூர்ரோ குடும்பம் 1870-ல் இந்தத் தொழிலுக்கு வந்தது. 1930 முதல் செஸாரே செர்சாலே என்கிற தெருவில், இப்போதிருக்கும் இடத்திலேயே கடை நடக்கிறது. நேப்பிள்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

வெளியில் பார்த்தால், இவ்வளவு பேர் பெற்ற கடையா இது என்று தோன்றும். அலங்கார விளக்கு இல்லை, மேஜை விரிப்பு இல்லை. பளிங்குக் கல் மேஜைகள், ஓடு பதித்த சுவர், ஒரு விறகு அடுப்பு. அவ்வளவுதான்.

வாசலில் நம்பர் சீட்டு கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு தெருவில் காத்திருக்க வேண்டும். நம்பரைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம். கூட்டமாக இருந்தால், முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் உட்கார நேரலாம். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மெனுவில் இரண்டே இரண்டு

இந்தக் கடையின் விசேஷமே மெனுதான். பல தலைமுறைகளாக இங்கே இரண்டே பீட்சா. ஒன்று மரினாரா, இன்னொன்று மார்கெரீட்டா. சமீப காலத்தில் ஒன்றிரண்டு சேர்ந்திருந்தாலும், அவையும் இந்த இரண்டின் சாயல்தான். சிக்கன், காளான், சோளம், அன்னாசி என்று எதுவும் கேட்க முடியாது.

மரினாராவின் மேல் இருப்பவை நாலே பொருள்கள்: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய். சீஸே கிடையாது! மார்கெரீட்டாவில் தக்காளி, சீஸ், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலை. சீஸும் வெகுதூரத்திலிருந்து வருவதில்லை. பக்கத்து மலையூரான அஜெரோலாவின் பசும்பால் மொஸரெல்லா.

பீட்சா வரும்போது தட்டு தெரியாது. தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். நம் ஊர் செயின் கடைகளில் கிடைப்பது மாதிரி மொறுமொறுவென்று, தடிமனாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நடுப்பகுதி மெல்லிசாக, ஈரமாக, கையில் எடுத்தால் துவளும். ஓரம் மட்டும் உப்பி, அங்கங்கே கருகிய புள்ளிகளோடு இருக்கும். கத்தி, முள்கரண்டியால் வெட்டிச் சாப்பிடலாம். தெருவில் வாங்கிச் சாப்பிடும் நேப்பிள்ஸ்காரர்கள், பீட்சாவை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிடுவார்கள். அந்த மடிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'போர்ட்டஃபோலியோ'. அதாவது, பணப்பை!

விலை? சில வருடங்களுக்கு முன்புவரை ஒரு மார்கெரீட்டா 5 யூரோவைத் தாண்டியதில்லை. இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனாலும், சுற்றுலாப் பயணிகளை நம்பிக் கடை போட்டிருக்கும் பல இடங்களில் ஒரு பீட்சா வாங்கும் காசுக்கு, இங்கே இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

எப்படிக் கட்டுப்படியாகிறது?

சரி, பிரியாடோரேயின் கேள்விக்கு வருவோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ரகசியம் எதுவுமில்லை.

நேப்பிள்ஸ் பீட்சாவின் மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கு மட்டுமே. ஒரு கிலோ மாவில் ஆறேழு பீட்சா வரும். இதற்குச் செலவு அதிகமில்லை. தேவைப்படுவது நேரம். பிசைந்த மாவு 8 மணி நேரமாவது புளித்துப் பொங்க வேண்டும். இட்லி மாவு கரைத்துப் பழகிய வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

அடுத்தது அடுப்பு. விறகு அடுப்பின் சூடு 430 முதல் 485 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வீட்டு அவன்கள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தச் சூட்டில் ஒரு பீட்சா வெந்து வெளியே வர 60 முதல் 90 விநாடிகள் போதும். ஒரே நேரத்தில் நாலு பீட்சா உள்ளே போனாலும், ஒரு மணி நேரத்துக்கு நூறுக்குக் குறையாமல் எடுத்துவிடலாம்.

மெனு சின்னது என்பதால் வாங்கும் பொருளும் கொஞ்சம்தான். எதுவும் ஃப்ரிட்ஜில் கிடந்து வீணாவதில்லை. அன்றைக்கு வாங்கியது அன்றைக்கே தீரும். சாப்பிட வந்தவர் மெனுவைப் புரட்டி யோசிக்கவும் தேவையில்லை. வருகிறார், சாப்பிடுகிறார், எழுந்திருக்கிறார். ஒரு மேஜையில் ஒரே நாளில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்துவிடுகிறார்கள். ஒருவரிடம் கிடைக்கும் லாபம் குறைவாக இருந்தாலும், வருகிறவர்கள் எண்ணிக்கை அதை ஈடுகட்டிவிடுகிறது.

ஆக, தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்கவில்லை. மெனுவைக் குறைத்திருக்கிறார்கள், ஆடம்பரத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

சாப்பிடு இன்று, காசு எட்டு நாள் கழித்து!

இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பீட்சா பிறந்ததே ஏழைகளுக்காகத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீனவர்களும் நின்றபடி சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடிய உணவு அது.

கையில் காசு இல்லாதவர்களுக்காக நேப்பிள்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. 'பீட்சா எ ஒட்டோ' என்பார்கள். ஒட்டோ என்றால் எட்டு. இன்று சாப்பிட்டுவிட்டு, எட்டு நாளைக்குள் காசு கொடுத்தால் போதும். 19-ம் நூற்றாண்டில் நேப்பிள்ஸுக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்ஸாண்டர் டூமா, இதை எட்டு நாள் பழைய பீட்சா என்று தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிவைத்துவிட்டார்!

1954-ல் வெளியான, விட்டோரியோ டி சிகா இயக்கிய 'லோரோ டி நாபோலி' படத்தில் இந்தக் கடன் பீட்சாவைப் பார்க்கலாம். அதில் பீட்சா விற்கும் பெண்ணாக வருபவர் சோஃபியா லோரன். அவர் விற்பது எண்ணெயில் பொரித்த பீட்சா. இரண்டாம் உலகப்போரில் நொறுங்கிப்போன நகரத்தில், பல பெண்கள் வீட்டு வாசலிலேயே சட்டி வைத்துப் பீட்சா பொரித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

2017-ல் நேப்பிள்ஸ் பீட்சா கலைஞர்களின் கலையை, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது. சமைக்கப்படும் பொருளுக்கு மட்டுமல்ல, அதைச் செய்யும் தொழிலாளியின் கைகளுக்கும் கிடைத்த மரியாதை அது. 65 யூரோ பேச்சு நேப்பிள்ஸ்காரர்களுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பது இப்போது புரிகிறதல்லவா? 'எங்கள் பாட்டன், பூட்டன் சாப்பிட்ட உணவை, எங்களால் வாங்க முடியாத பொருளாக ஆக்கிவிடாதீர்கள்' என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம்.

ஜூலியா ராபர்ட்ஸ் வந்த பிறகு...

2010-ல் வெளியான 'ஈட் ப்ரே லவ்' படத்தில், ஜூலியா ராபர்ட்ஸ் இந்த மிக்கேலே கடையில் உட்கார்ந்து பீட்சா சாப்பிடுவார். அவ்வளவுதான், உலகமே திரண்டு வந்துவிட்டது! இப்போது வாசலில் நிற்கும் வரிசையில் பல நாட்டு மொழிகள் கேட்கின்றன. லண்டன், டோக்கியோ என்று கிளைகளும் வந்துவிட்டன.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. மதிய இடைவேளையில் ஓடிவந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற உள்ளூர்த் தொழிலாளி, இந்த வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க முடியுமா? விலை அவருக்கு எட்டுகிறது, நேரம் எட்டுவதில்லை. கூட்டத்தைப் பார்த்து விலையை இரண்டு மடங்காக்கியிருந்தாலும் வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்திருப்பார்கள். ஆனால், அப்படிச் செய்யவில்லை. அந்த அளவில் பாராட்டத்தான் வேண்டும்.

குடும்பத்தோடு போகிறீர்களா?

இத்தாலியில் எந்தச் சின்ன உணவகத்துக்குப் போனாலும் உதவும் சில குறிப்புகள்:

* மரினாரா என்ற பெயரைப் பார்த்துக் கடல் உணவு என்று பயப்படாதீர்கள். மீனவர்கள் சாப்பிட்டதால் வந்த பெயர் என்கிறார்கள். அதில் மீன் கிடையாது. பால் பொருளும் கிடையாது.

* சுத்த சைவம் என்றால் சீஸில் கவனம் தேவை. இத்தாலியின் பாரம்பரியச் சீஸ் பலவற்றில், பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள்.

* இத்தாலியில் 'பெப்பரோனி' என்றால் குடைமிளகாய்! அமெரிக்க பாணி இறைச்சியை நினைத்து ஆர்டர் செய்யாதீர்கள். 'ஆச்சூகே', 'அலீச்சி' என்று எழுதியிருந்தால், அது நெத்திலி வகை மீன்.

* பில்லில் 'கொபெர்ட்டோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருந்தால் அதிர்ச்சி வேண்டாம். பல கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு வாங்கும் கட்டணம் அது. மெனு கார்டில் குறிப்பிட்டிருப்பார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

* குழந்தைகளோடு போனால் கூட்ட நேரத்தைத் தவிர்த்து, கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நேப்பிள்ஸில் 'சோஸ்பேசோ' என்று ஒரு பழைய பழக்கம். தன் காபிக்குக் காசு கொடுக்கும்போதே, பின்னால் வரப்போகும், காசில்லாத யாரோ ஒருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவது. சில பீட்சா கடைகளிலும் இது நடக்கிறது. கொடுத்தவர் யாரென்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. ஐந்து யூரோவில் ஒரு வயிறு நிறையும் ஊரில்தான் சாதாரண மனிதர்களால் இப்படி இன்னொருவருக்கும் சேர்த்துக் கொடுக்க முடிகிறது.

அடுத்த முறை ஒரு சின்னக் கடையில் விலை குறைவாக இருந்தால், 'என்னத்தைப் போடுகிறார்களோ' என்று சந்தேகப்படும் முன், மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மெனுவில் எத்தனை ஐட்டம்? அன்றன்றைக்குப் பொருள் தீர்ந்துவிடுகிறதா? உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்களா? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால், தயங்காமல் உட்காருங்கள்!