கெட்டால் கெடட்டும்!



"ஐயா, பையன் தொட்டால் கணினி கெட்டுவிடும். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்" என்று ஒரு தந்தை அண்மையில் என்னிடம் கூறினார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர். வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனால், எதையும் கெடுத்துப் பார்க்காத பிள்ளை கணினியை எப்படிக் கற்கும்?

என் வீட்டில் ஏபியு2 என்னும் ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் பிசி எஞ்சின்ஸ் நிறுவனம், திசைவியாக (ரௌட்டராக) இயங்கும் பொருட்டுச் செய்தது. நான்கு கருக்கள் கொண்ட 1 கிகாஹெர்ட்ஸ் ஏஎம்டி செயலி, 4 ஜிபி நினைவகம்; அவ்வளவுதான். இவ்வகைப் பலகைகளின் காலம் முடிகிறது என்று அந்நிறுவனம் 2023-இல் அறிவித்துவிட்டது. ஆக, என்னுடையது பழம்பொருள். சுமார் 10 வாட் மின்சாரம் போதும். ஆண்டு முழுவதும் அணைக்காமல் ஓடினாலும் 88 யூனிட்டைத் தாண்டாது.

இதற்குள் மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறேன். 2007 முதல் லினக்ஸின் கருவிலேயே இடம்பெற்றுள்ள கேவிஎம் என்னும் வசதியால் இது இயலுகிறது. லயத்தை எண்ணிப் பாருங்கள்: ஒரே கூரை, வீட்டுக்கு ஒரு கதவு, தனித்தனி அடுப்பு. ஒரு வீட்டில் சோறு குழைந்தால் அடுத்த வீட்டு உலை பாழாவதில்லை.

ஒன்றில் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா இணையமின்றியே கிடைக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பின், அலை தேடி மேடேறிய பிள்ளைகளைக் கண்டவன் நான். அதனால் இதற்கே முதலிடம். மற்ற இரண்டும் பிள்ளைகளுக்கு, தலா 1 ஜிபி நினைவகத்துடன். பலகையில் திரை பொருத்த வழியே இல்லை. மடிக்கணினி வெறும் சன்னலாக நிற்க, அதன் வழியே உள்ளே நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டும். கெடுவது உள்ளே இருக்கும் கணினி மட்டுமே.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் முழு அதிகாரத்துடன் எல்லாக் கோப்புகளையும் அழித்துவிட்டான். முகம் வெளுத்துப் போயிற்று. முன்பே எடுத்து வைத்திருந்த நகலை மீட்டுக் கொடுத்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? மீண்டும் அழித்தான்! இம்முறை எது முதலில் நிற்கிறது என்று பார்ப்பதற்காக. கற்றல் அங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டின் திசைவியையும் இதே பலகையில் மெய்நிகராக ஓட்டலாம் என்பார்கள். நானும் செய்தேன். ஒரு மாலை அடிப்படை இயங்குதளத்தைப் புதுப்பிக்கப் போய், பலகை எழவில்லை. வீடு முழுவதும் இணையம் நின்றது. பாடத்தை அனுப்பவிருந்த மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது இணையத்தைப் பழைய திசைவி பார்த்துக்கொள்கிறது. சிக்கனத்தைக் காட்டி இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லும் நண்பர்களோடு நான் உடன்படுவதில்லை.

காணொளி, விளையாட்டு ஆகியவற்றுக்கு இப்பலகை ஆகாது. அது குறையென்று நான் கருதவுமில்லை.

அந்தத் தந்தை வரும் சனிக்கிழமை மகனை அழைத்து வருகிறார். மடிக்கணினியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.