குளிரை வாங்குகிறார்கள், வெப்பத்துக்கு வழி விடுவதில்லை

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். முன்னால் ஒரு கார் போகும். அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய ஒரு குட்டி வீடு உருண்டுகொண்டே வரும். இதை டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். தமிழ் சினிமா நடிகர்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் கேரவனுக்கு இது ஏழைத் தம்பி. சொந்தமாக எஞ்சின் கிடையாது. கார் எங்கே இழுத்துப் போகிறதோ அங்கே போய் நிற்கும்.

இதிலும் பெரிசு, சிறிசு உண்டு. ஏர்ஸ்ட்ரீம் மாதிரி பளபளக்கும் அலுமினிய மாளிகைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு கட்டில் போடும் அளவே இடமுள்ள டியர்டிராப் வண்டிகள். 1930களிலேயே இவை அங்கே பிரபலம். 1968-இல் கனடாவில் வந்த போலர் மாதிரியான 13 அடி ஃபைபர்கிளாஸ் வண்டிகளும் இந்தக் குட்டி ரகம்தான். இந்தக் கட்டுரை குட்டி வண்டிக்காரர்களைப் பற்றியது. வெயில் அதிகம் வாட்டுவது அவர்களைத்தான்.

காரணம் எளிது. மெல்லிய சுவர், தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல். மதிய வெயிலில் நிறுத்தினால் உள்ளே இட்லிப் பானைதான். உடனே மனசு ஏ.சி.யைத் தேடுகிறது. தேடுவதில் தப்பில்லை. ஆனால் அதைப் பொருத்தும் விதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய வண்டியின் சட்டை சின்ன வண்டிக்குப் பொருந்தாது

பெரிய டிரெய்லர்களில் ஏ.சி. கூரை மேல் உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே 14 அங்குலத்துக்கு 14 அங்குலச் சதுர ஓட்டை என்று ஒரு வழக்கமான அளவு இருக்கிறது. அதில் பொருத்தும் இயந்திரங்கள் பொதுவாக 13,500 அல்லது 15,000 பி.டி.யு. திறன் கொண்டவை. ஒரு டன் என்பது 12,000 பி.டி.யு. ஆக, ஒரு கட்டில் அளவு இடத்துக்கு ஒரு டன்னுக்கும் மேலே! எடையும் சாதாரணமில்லை, இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். மெல்லிய கூரை அதைத் தாங்காது, சின்ன ஜெனரேட்டரால் அதைக் கிளப்பவும் முடியாது. விலையோ, பழைய குட்டி வண்டி வாங்கிய விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

அதனால் குட்டி வண்டிக்காரர் கடைக்குப் போய், வீட்டு ஜன்னலில் வைக்கும் 5,000 பி.டி.யு. ஏ.சி. ஒன்றை மலிவாக வாங்கி வருகிறார். கிட்டத்தட்ட 0.42 டன். சின்ன அறைக்கு அதுவே தாராளம். இதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. உண்மையில் இது புத்திசாலித்தனம். இடத்துக்கு மிஞ்சிய ஏ.சி. காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுபோகும், ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரமே இருக்காது. கடலோர ஊர்களில் அப்படிப்பட்ட வண்டிக்குள் படுத்தால் குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும்.

ஆக, வாங்கியது சரி. தப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

வரவு எழுதினால் பற்றும் எழுத வேண்டும்

இரட்டைப் பதிவுக் கணக்கியலின் முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு என்பது. ஒரு பக்கம் மட்டும் எழுதி மூடினால் ஐந்தொகை ஒத்துவராது. ஏ.சி.யும் அப்படித்தான். அது குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவே. உள்ளே இருக்கும் எவாப்பரேட்டர் வெப்பத்தை வாங்குகிறது, கம்ப்ரசர் அதைத் தள்ளுகிறது, பின்னால் இருக்கும் கண்டென்சர் அதை வெளிக்காற்றில் விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5,000 பி.டி.யு. என்பது சுமார் 1,465 வாட் வெப்பத்தை வெளியேற்றும் வேலை. அதைச் செய்ய இயந்திரம் கிட்டத்தட்ட 450 வாட் மின்சாரம் எடுக்கிறது. அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். இரண்டையும் கூட்டினால் பின்பக்கம் வெளியேற வேண்டிய வெப்பம் 1,900 வாட்டுக்கு மேல். அதாவது இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்த மாதிரி.

அந்த இரண்டு இஸ்திரிப் பெட்டியின் சூடும் வெளியே போகாமல் வண்டிக்குள்ளேயே சுற்றினால்? குளிர் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மிச்சம் நிற்பது அந்த 450 வாட். ஏ.சி. போட்ட வண்டி ஏ.சி. போடாத வண்டியைவிடச் சூடாகும்! வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் இதுதான் இயற்பியல். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்க முடியாததும் இதனால்தான்.

மூன்று தவறுகள்

முதல் தவறு, ஏ.சி.யை அலமாரிக்குள் ஒளித்து வைப்பது. வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று உள்ளே ஒரு பிளைவுட் பெட்டி செய்து, அதில் இயந்திரத்தை வைத்து, பின்னால் மட்டும் ஒரு ஓட்டை போடுவார்கள். ஜன்னல் ஏ.சி.யின் இரண்டு பக்கவாட்டிலும் கீற்றுகள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அவை அழகுக்கு வைத்தவை அல்ல. விசிறி அந்தக் கீற்றுகள் வழியாக வெளிக்காற்றை இழுத்துத்தான் கண்டென்சர் வழியாகப் பின்னால் தள்ளுகிறது. பக்கவாட்டை அடைத்துவிட்டால் இயந்திரத்துக்கு மூச்சு முட்டும். தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். கம்ப்ரசர் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து, அரை மணிக்கு ஒரு முறை நின்று நின்று ஓடும். சொந்தக்காரரோ ஏ.சி. மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது தவறு, சுவரை வெட்டப் பயந்து, ஒற்றைக் குழாய் வைத்த நகரும் ஏ.சி. வாங்குவது. இது அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்து, சூடாக்கி, குழாய் வழியாக வெளியே தள்ளும். போன காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டுமே! கதவு இடுக்கு, தரை ஓட்டை என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளியே உள்ள சூடான காற்று உள்ளே வரும். ஒரு கையால் இறைத்து மறு கையால் ஊற்றும் வேலை. இரண்டு குழாய் உள்ளவை இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அந்தப் பெட்டி குட்டி வண்டியில் கால் நீட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் ஆபத்தான தவறு. மின்சாரத்துக்கு ஜெனரேட்டரை வண்டியின் ஓரத்திலேயே வைத்து ஓட்டுவது. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். ஒற்றைக் குழாய் ஏ.சி. வெளிக்காற்றை இடுக்குகள் வழியாக உள்ளே இழுக்கிறது என்று மேலே பார்த்தோம் அல்லவா? பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அது இழுப்பது வெறும் காற்றாக இருக்காது. இரண்டு சின்ன அலட்சியங்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தையே முடித்துவிடக்கூடிய இடம் இது. ஏ.சி. பொருத்தும் செலவில் முதல் செலவு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியாக இருக்க வேண்டும். இதில் வாதத்துக்கே இடமில்லை.

சரியான வழி

ரொம்பப் பெரிய வித்தை எதுவும் இல்லை. சுவரில் சட்டமும் மின்கம்பியும் இல்லாத இடம் பார்த்து வெட்டி, வெட்டிய ஓரத்துக்கு மரச்சட்டம் கொடுத்து, பக்கவாட்டுக் கீற்றுகள் சுவருக்கு வெளியே இருக்கும்படி ஏ.சி.யைத் தள்ளி வைக்க வேண்டும். அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். வீட்டு ஜன்னலில் அசையாமல் இருக்கச் செய்த பொருள், சாலைக் குலுக்கலைத் தாங்கச் செய்ததல்ல. ஆகவே பயணத்தின்போது உள்ளே இழுத்துக் கட்டும்படி அமைத்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் வெளியே வடியும். சுற்றிலும் சீலன்ட் வைத்து அடைக்காவிட்டால், முதல் மழையிலேயே பிளைவுட் சுவர் தண்ணீர் குடித்து ஊற ஆரம்பிக்கும்.

உள்ளேதான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமா? அப்போது இரண்டு வழி வேண்டும். வெளிக்காற்று உள்ளே வர ஒன்று, சூடு வெளியே போக ஒன்று. இரண்டும் கலக்காதபடி நடுவில் தடுப்பு. கண்டென்சரின் முகம் எவ்வளவு பெரிதோ, அதைவிடச் சின்னதாகப் போகும் வழியை வைக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் காசே இல்லாத வேலைகள் சில உண்டு. மரநிழலில் நிறுத்துவது, ஜன்னலுக்கு வெளியிலிருந்து வெயிலை மறைப்பது, கூரைக்கு மேல் ஒரு விரிப்பு கட்டுவது. உள்ளே வராத வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய அவசியமே இல்லை.

பேட்டரியில் ஓட்டலாமே என்பவர்களுக்கும் ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் 1,200 வாட் மணி இருக்கும். அதில் பாதியைத்தான் பேட்டரி கெடாமல் எடுக்கலாம். 450 வாட் ஏ.சி. இடைவிடாமல் ஓடினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. முகாம்களில் கிடைக்கும் 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு இருந்தால்தான் நிம்மதி.

இது ஆடம்பரப் பேச்சா?

ஊர் சுற்றப் போகிறவனுக்கு எதற்கு ஏ.சி., காடு மலையை அனுபவிக்கத்தானே போகிறான் என்று கேட்பவர்கள் உண்டு. விடுமுறைக்காரர்களைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். வெயில் தாங்கவில்லை என்றால் அவர்கள் மலைமேல் போகலாம், வீட்டுக்கே திரும்பலாம். ஆனால் டிரெய்லரில் இருப்பவர்கள் எல்லோரும் விடுமுறைக்காரர்கள் இல்லை. வாடகை கட்ட முடியாமல் அதையே நிரந்தர வீடாக்கிக்கொண்டவர்களும், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்களும் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அல்லது தாண்டியது. செல்சியஸில் 43-க்கும் மேல். அந்த நகரம் இருக்கும் மாரிகோப்பா கவுண்டியில் அந்த ஆண்டு வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களில் பெரும்பாலோரிடம் ஏ.சி. இருந்தது என்பதுதான் கொடுமை. இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. சுவரில் ஒரு இயந்திரம் தொங்குவது வேறு, வெப்பம் வெளியே போவது வேறு. அந்த வித்தியாசத்தில் மனித உயிர்கள் போயிருக்கின்றன.

2024-இல் அரிசோனா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மொபைல் ஹோம் பார்க்குகளில் குடியிருப்பவர்கள் ஜன்னல் ஏ.சி. போன்ற குளிரூட்டும் வசதிகளைப் பொருத்துவதை இட உரிமையாளர்கள் தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்பது உயிரைவிடப் பெரிய காரணம் இல்லை என்று ஒரு மாநிலம் ஒப்புக்கொள்ள அத்தனை மரணங்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

அடுத்த அடியை வண்டி செய்பவர்கள் எடுத்து வைக்க வேண்டும். எத்தனை சின்ன டிரெய்லராக இருந்தாலும், சட்டம் கொடுத்து மூடி போட்ட ஒரு ஏ.சி. வழியும் அதற்கு ஒரு மின் இணைப்பும் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுக்க வேண்டும். வண்டி உருவாகும்போது அதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். பிறகு ஒருவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு சொந்த வீட்டின் சுவரை வெட்டும்போது ஆகும் செலவும் பயமும் அதிகம்.

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது ஒரு எளிய பழக்கம்தான். எத்தனை பி.டி.யு. என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், சூடு எந்த வழியாக வெளியே போகும் என்று தன்னிடமே கேட்டுக்கொள்வது. அதற்குப் பதில் கிடைக்காதவரை பர்ஸைத் திறக்காமல் இருப்பது. ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு என்றைக்கும் ஒத்துவந்ததில்லை. இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் நஷ்டம் பணத்தோடு நிற்காது.