பாலூட்டும் இடைவேளை எங்கே?

"தாய்க்குப் பால் காணாது, அதுதான் பால்மா கரைக்கிறோம்." பளை, இயக்கச்சிப் பக்கத்துத் தென்னந்தோட்டக் குடும்பங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குறை தாயின் தலையில் விழுகிறது. மாமியார் பாவம், சுறாப் புட்டும் உள்ளியுமாகச் சமைத்துக் கொடுக்கிறார். நல்ல சாப்பாடுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் காலையில் தேங்காய் பொறுக்கப் போன தாய் பின்னேரம் திரும்பும்வரை பிள்ளை மார்பில் வாய் வைக்காவிட்டால், எந்தச் சுறாவாலும் பாலைக் காப்பாற்ற முடியாது.

பிள்ளை உறிஞ்சும்போது முலைக்காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி இரண்டு ஓமோன்களை விடுகிறது. புரோலக்ரின் பாலை உண்டாக்கும். ஒக்சிரோசின் உண்டான பாலை வெளியே தள்ளும்; நோவும் பயமும் கவலையும் அதைத் தடுக்கும். மார்பு காலியாகக் காலியாகப் பால் ஊறும். மணிக்கணக்காக நிரம்பிக் கட்டிக்கொண்டு கிடந்தால், இவ்வளவு தேவையில்லைப்போல என்று உடல் சுரப்பைக் குறைத்துவிடும். சட்டை நனைய நனைய வேலை செய்யும் சகோதரிக்குக் கொஞ்ச நாளில் சட்டை நனைவதும் நின்றுவிடுகிறது. பிறகு வீட்டுக்குப் பால்மா வருகிறது. அதன் விலை எல்லோருக்கும் தெரியும். சரியாகக் கொதிக்காத தண்ணீரில் கரைத்தால் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும். தாய்ப்பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சக்தி எந்தப் பால்மாப் பெட்டியிலும் இல்லை.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்கிறார். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தருவதோ 12 கிழமை லீவு, அதில் பிரசவத்துக்குப் பின் 10 கிழமை. (மூன்றாம் பிள்ளைக்கு 6 கிழமைதான் என்றிருந்ததை 2018இல் மாற்றினார்கள்.) மிச்ச மாதங்களுக்கு என்ன வழி? அதே சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளை பராமரிக்கும் இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. எந்த நேரத்தில் எடுப்பது என்பதும் தாயின் தேவைப்படிதான்.

இதைக் கேட்டால் "வேலை நேரத்தில் வீட்டுக்கு ஓடப் பார்க்கிறாள்" என்ற முணுமுணுப்பு மேற்பார்வையாளரிடமிருந்து மட்டுமல்ல, கூட வேலை செய்யும் ஆண்களிடமிருந்தும் வருகிறது. தோழர்களே, அது உங்கள் பிள்ளைகளின் சாப்பாடு.

1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தையும், நடுவேலையில் மலையிலிருந்து இறங்கிப்போய்ப் பால் கொடுத்ததையும் சொல்வார்கள். அங்கே முடிந்தது தென்னந்தோட்டத்தில் ஏன் முடியாது? நிழலும் சுத்தமான தண்ணீரும் பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளும் உள்ள ஓர் அறை போதும்.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள சகோதரிகள், வேலைத்தளத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக் கிளைக் குழுவிடம் பெயர் கொடுங்கள். நிர்வாகத்துக்கான கடிதத்தை நாம் எழுதுகிறோம். பதில் வரும்வரை, வீட்டுக்குப் போக முடியாத நாளில் பாலைக் கையால் பீச்சி எடுத்துவிடுங்கள். இராப் பாலையும் நிறுத்தவேண்டாம், புரோலக்ரின் கூடச் சுரப்பது இரவில்தான்.