வெப்பத் தாக்குக்கு மாத்திரை எதற்கு?

கோடை வெயிலில் ஒருவர் சுருண்டு விழுகிறார். தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. உடனே "காய்ச்சல்" என்று சொல்லி, பாரசிட்டமால் மாத்திரையைத் தேடுகிறோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

காய்ச்சலின்போது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், உடல் இருக்கவேண்டிய வெப்பநிலையையே உயர்த்திவிடுகிறது. மாத்திரை அதைக் கீழிறக்கும். வெப்பத் தாக்கில் அப்படியல்ல. ஹைப்போதலாமஸ் கேட்பது பழைய 37 டிகிரியைத்தான். வெப்பத்தை வெளியேற்ற உடலால் முடியவில்லை. உள் வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது, அறிவு தடுமாறுகிறது. மாத்திரைக்கு இங்கே வேலையில்லை.

வேலையில்லை என்பதோடு போகவில்லை, தீங்கும் நேரலாம். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். வெப்பத் தாக்கில் அடிபடும் முக்கிய உறுப்புகளில் அதுவும் ஒன்று. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கித் திருப்பப்படுவதால், குடலுக்கும் கல்லீரலுக்கும் போகும் இரத்தம் குறைகிறது, ஆக்சிஜன் பற்றுவதில்லை. குடற்சுவர் கசிந்து, பாக்டீரியா நச்சுகள் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்கு வந்து சேர்கின்றன. போதாததற்கு, வெப்பமே செல்களின் புரதங்களைக் குலைக்கிறது. உடைந்த செல்களிலிருந்து என்சைம்கள் இரத்தத்தில் கலக்கின்றன. விந்தை என்னவென்றால், இவற்றின் அளவு உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான்! நோயாளி கண் விழித்துவிட்டார் என்று அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது. பலருக்குக் கல்லீரல் தானே தேறிவிடுகிறது. சிலருக்கு அடியோடு செயலிழக்கிறது.

அப்படியானால் வழி? கணக்குப் போட்டுப் பாருங்கள். உடலின் வெப்ப எண் சுமார் 0.83. 60 கிலோ எடையுள்ளவரை 42 டிகிரியிலிருந்து 39-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 150 கிலோ கலோரி நீக்கவேண்டும். தோலிலிருந்து ஆவியாகும் ஒரு லிட்டர் நீர் 580 கிலோ கலோரியைக் கொண்டுபோகிறது. ஆக, கால் லிட்டருக்குச் சற்று மேல்! (உடல் இடையில் உண்டாக்கும் வெப்பத்தை நான் சேர்க்கவில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.) ஆனால் நீர் ஆவியாக வேண்டும், அதற்கு விசிறி வேண்டும், சுற்றி நிற்கும் கூட்டம் விலக வேண்டும். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் இது மெதுவாகத்தான் நடக்கும். அங்கே குளிர்ந்த நீர்த் தொட்டியே மேல்.

அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரின் ஓட்டப் பந்தயத்தில், 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்குற்ற 274 பேரையும் பந்தயத் திடலிலேயே குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். அனைவரும் பிழைத்தார்கள். மே மாதத்தில் விளையாட்டுப் போட்டி நடத்தும் நம் பள்ளிகள், பரிசுக் கோப்பைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தொட்டிக்கும் ஐஸ் கட்டிக்கும் ஒதுக்கினால் என்ன? ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குளிர்விக்கலாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.