துரைராசாவின் களிமண் கணக்கு



வரணியிலிருந்து உயர்தரக் கணிதப் பிரிவு மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். இயந்திரப் பொறியியல் பேராசிரியர்கள் சிலர் ஆயுள் முழுக்கக் கணினியில் பொறிமுறைக் கணக்குப் போடுகிறார்களாமே, அப்படி என்னதான் செய்கிறார்கள், எங்கட ஆட்கள் யாரும் அதில் உண்டா என்று கேட்கிறார்.

முதற் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பாலத்தையோ இயந்திரப் பாகத்தையோ கணினிக்குள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, சுமை ஏறினால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நெளியும் என்று ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்ப்பார்கள். ஆனால் பொருளின் குணத்தை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். உருக்கின் குணம் அட்டவணையில் கிடக்கிறது. களிமண்ணுக்கு என்ன செய்வது? அமுக்கினால் சுருங்கும், நீர் கசியும், பிறகு எதிர்பாராத நேரத்தில் வழுக்கும்.

இங்கேதான் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. எங்கள் கொடிகாமச் சந்தியில் பருத்தித்துறை வீதிக்குத் திரும்பி, வரணி தாண்டினால் வடமராட்சி. அங்கே இமையாணனில் 1934இல் பிறந்தவர் பேராசிரியர் அ. துரைராசா. ஹாட்லிக் கல்லூரி, இலங்கைப் பல்கலைக்கழகம், பிறகு கேம்பிரிட்ஜ். அவர் இயந்திரப் பொறியியலாளர் அல்லர், குடிசார் பொறியியலாளர். தங்கச்சி, இந்தக் கதையில் அந்த வித்தியாசம் பெரிதில்லை.

கேம்பிரிட்ஜில் 1961இல் அவர் எழுதி முடித்த ஆய்வேடு கயோலின் களியையும் மணலையும் பற்றியது. சோதனை இப்படி: உருளையாகச் செய்த களியை மெல்லிய ரப்பர் உறையில் இட்டு, நீர் நிரம்பிய கலத்தில் வைத்து, சுற்றிலும் நீரால் அமுக்கிக்கொண்டே மேலிருந்து மெல்ல மெல்ல நெரிக்க வேண்டும். அவசரப்பட்டால் அளவீடு கெட்டுவிடும். நெரித்த வேலையெல்லாம் எங்கே போனது என்று துரைராசா வரவு செலவு பார்த்தார். களி கனவளவில் சுருங்கினாலும் விரிந்தாலும், உராய்வில் அழியும் சக்தி ஒரே விதிக்குத்தான் கட்டுப்பட்டது. சராசரி அழுத்தத்தை வடிவம் நெளிந்த அளவாலும் ஒரு மாறிலியாலும் பெருக்கினால் அந்தச் சக்தி வந்துவிடும். அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ரொஸ்கோவும் ஸ்கோஃபீல்டும், கூடவே துரைராசாவும் 1963இல் 'ஜியோடெக்னீக்' ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் கேம் நதியின் பெயரால் 'கேம் கிளே' (கேம் களி) என்ற கணித மாதிரி பிறந்தது. 1968இல் ரொஸ்கோவும் பேர்லண்ட் என்ற ஆய்வாளரும் அதைத் திருத்தினார்கள். அணைக்கட்டுக்கும் சுரங்கப்பாதைக்கும் மென்களி மீது எழும்பும் வீதிக்கும் கணக்குப் போடும் மென்பொருள்கள் பலவற்றில் இன்று அந்தத் திருத்திய மாதிரி இருக்கிறது. இயந்திரப் பொறியியலாளர் பாவிக்கும் 'அபாகஸ்' மென்பொருளிலும் அதன் வழிவந்த ஒன்று உண்டு. துரைராசாவின் பங்கை ஸ்கோஃபீல்ட் தன் முதுமையிலும் எழுதிக்கொண்டிருந்தார்.

நாங்கள் எழுதினோமா? பேராதனைப் பொறியியற் பீடாதிபதி, 1988 முதல் 1994இல் இறக்கும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், போர்க்கால எரிபொருள் தடையின்போது சைக்கிள் மிதித்த எளிய மனிதர். இதெல்லாம் ஊரில் சிறுவருக்கும் தெரியும். நல்ல மனிதர் என்று சொல்லிச் சொல்லியே, அவர் கண்டுபிடித்தது என்ன என்று கேட்க மறந்துவிட்டோம் என்பது என் மனத்தாங்கல். எங்கள் நினைவு மலர்களில் சைக்கிளுக்குக் கிடைத்த இடம் களிமண்ணுக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கென அவர் கனவு கண்ட பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் வந்துவிட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகளாவது இதை எழுதலாம்.

அடுத்த இதழில் அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை உயர்தர மாணவருக்கு விளங்கும்படி தமிழில் விளக்கப்போகிறோம். பேராதனையில் அவரிடம் படித்தவர்கள் யாராவது விரிவுரைக் குறிப்புகள் வைத்திருந்தால் பிரதி எடுக்கத் தந்துதவுங்கள். மூலத்தை ஒரு வாரத்தில் கொண்டுவந்து தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்